மேற்குப் புறநகரின் மூடிய அறைகள்

பத்துக்குப் பதினொன்று. அம்பத்தூர் கள்ளிக்குப்பத்திலோ, ஆவடி பருத்திப்பட்டிலோ, பூந்தமல்லியை ஒட்டிய குமணன்சாவடியிலோ இன்று வாடகைக்கு வரும் இரண்டு படுக்கையறை வீட்டில் சின்ன அறை ஏறக்குறைய இந்த அளவில்தான் இருக்கும். தரைப்பரப்பு 110 சதுர அடி. அதற்கு நாலுக்கு நாலு அடியில் ஒரு யுபிவிசி ஜன்னல். ஒன்றின் பின்னால் ஒன்று நகரும் இரண்டு கண்ணாடிகள். வரைபடத்தில் இது 16 சதுர அடி. ஆனால் ஒரு கண்ணாடியை முழுக்கத் தள்ளினாலும் காற்று நுழைய 8 சதுர அடிதான் கிடைக்கும். தரைப்பரப்பில் பதினான்கில் ஒரு பங்கு.

மத்திய எரிசக்தித் திறன் செயலகம் 2018இல் குடியிருப்புகளுக்காக வெளியிட்ட ‘இகோ நிவாஸ் சம்ஹிதா’ என்ற விதித்தொகுப்பு, திறக்கக்கூடிய பரப்பு தரைப்பரப்பில் எத்தனை சதவீதம் இருக்க வேண்டும் என்று தட்பவெப்ப மண்டலவாரியாகச் சொல்கிறது. சென்னையைப் போன்ற வெப்பமும் ஈரமும் சேர்ந்த ஊர்களுக்கு 16.66, அதாவது ஆறில் ஒரு பங்கு. குளிர்ப் பிரதேசங்களுக்கு 8.33, அதாவது பன்னிரண்டில் ஒன்று. தேசியக் கட்டட விதித்தொகுப்பும் வெகுகாலமாக இதே விகிதங்களைத்தான் சொல்லிவருகிறது. அப்படிப் பார்த்தால் நம் சின்ன அறைக்கு 18 சதுர அடி வேண்டும். இருப்பதோ இமயமலை வீட்டுக்குச் சொன்ன 9 சதுர அடிக்கும் குறைவு. விகிதம் வீடு முழுமைக்கும் சேர்த்துத்தான், பால்கனிக் கதவும் கணக்கில் வரும் என்பது உண்மை. இரவில் பால்கனிக் கதவைத் திறந்துவைத்துத் தூங்குகிறவர்கள் எத்தனை பேர்?

குளிர்நாடுகள் வீட்டை இறுக மூடியபோது, காற்றுக்கு வேறு வழி செய்துவிட்டு மூடின. நாம் வெயிலுக்கும் கொசுவுக்கும் தூசிக்கும் பயந்து அதே அளவுக்கு மூடிவிட்டு, மாற்று வழியைச் செய்யாமல் விட்டுவிட்டோம். மேற்குப் புறநகரின் வீட்டுக்காற்றைப் பற்றி நான் சொல்ல வருவது இதுதான்.

மூடுவதற்குக் காரணங்கள் உண்டு. யாரையும் குறைசொல்ல முடியாது. கொரட்டூர் ஏரியைச் சுற்றியோ கூவத்தை ஒட்டிய திருவேற்காட்டிலோ சாயங்காலம் ஐந்தரைக்கு ஜன்னலைச் சாத்தாத வீடு அபூர்வம். 1964இல் தொடங்கிய அம்பத்தூர் தொழிற்பேட்டைச் சாலைகளில் லாரிப் போக்குவரத்து ஓய்வதே இல்லை. மெட்ரோ வேலை நடந்த ஆண்டுகளில் மவுண்ட்–பூந்தமல்லி சாலையோரத்தில் குடியிருந்தவர்கள் வெளியே துணி காயப்போடவே யோசித்தார்கள். பக்கத்து வீட்டுக்கும் நம் வீட்டுக்கும் நடுவே மூன்றடிச் சந்து. இரண்டு வீட்டு ஏசியின் வெளி யூனிட்டுகளும் அந்தச் சந்துக்குள்தான் அனலைக் கக்குகின்றன. அங்கே ஜன்னலைத் திற என்று உபதேசம் செய்வது எளிது.

இருந்தாலும், முன்பு மூடிய ஜன்னலுக்கு மேலே ஒரு வழி இருந்தது. 1960களிலும் 70களிலும் கட்டிய வீடுகளில் லிண்டலுக்கு மேல் வென்டிலேட்டர் வைப்பார்கள். சூடான காற்று மேலே ஏறும், அந்தத் துளை வழியே வெளியேறும், கீழே கதவிடுக்கு வழியாகப் புதுக்காற்று உள்ளே வரும். மின்சாரம் கேட்காமல் இரவு முழுக்க நடந்த வேலை அது. பிறகு லாஃப்ட் வந்து பாதி வென்டிலேட்டர்களை மறைத்தது. மிச்சத்தை ஏசி மாட்ட வந்தவர் அடைத்தார். “கேப் இருந்தா கூலிங் நிக்காது சார்” என்று சொல்லிவிட்டு, தெர்மகோலை அளவாக வெட்டித் துளைக்குள் செருகி, ஓரத்தில் பழுப்பு டேப்பை ஒட்டிவிட்டுப் போவார். அவர் சொன்னது அவருடைய வேலையளவில் சரிதான். ஸ்ப்ளிட் ஏசி அறைக்குள் இருக்கும் காற்றையே இழுத்துக் குளிர்வித்துத் திரும்ப விடுகிறது. வெளிக்காற்று ஒரு துளியும் அதன் வழியே வராது. ஏசி அறை என்றால் சுத்தமான காற்று என்று நம்புகிறவர்களுக்கு இதை யாராவது சொல்ல வேண்டும்.

பழைய கட்டடங்களின் அருமையை அளந்து காட்டிய ஆய்வு ஒன்று உண்டு. பெரு நாட்டின் லிமா நகரில் காசநோய் பரவலைக் குறைக்க வழி தேடியவர்கள், எட்டு மருத்துவமனைகளின் அறைகளில் காற்று எவ்வளவு மாறுகிறது என்று கணக்கெடுத்து 2007இல் வெளியிட்டார்கள். உயரமான கூரையும் பெரிய ஜன்னல்களும் கொண்ட ஐம்பது ஆண்டுகளுக்கு முந்தைய அறைகளில், எல்லாவற்றையும் திறந்துவைத்தால் மணிக்கு 40 முறை காற்று மாறியது. புதிய கட்டடங்களின் ஜன்னல் அறைகளில் 17 முறை. இயந்திரக் காற்றோட்டம் உள்ள தனிமை அறைகளுக்குப் பரிந்துரைக்கப்பட்ட அளவே 12தான்.

இப்போது குளிர்நாட்டுக் கதைக்கு வருவோம். 1858இல் மியூனிக் நகரின் மாக்ஸ் ஃபான் பெட்டன்கோஃபர், மூச்சுவிடும் மனிதர்கள் நிறைந்த அறையின் காற்று எப்போது கெட்டது என்று சொல்ல ஓர் அளவுகோல் தந்தார். கரியமில வாயு பத்து லட்சத்தில் 1,000 பங்கைத் தாண்டக் கூடாது என்றார். 1973இல் எண்ணெய் நெருக்கடி வந்தபோது, வீட்டைச் சூடாக்கும் செலவுக்கு அஞ்சி மேற்கு நாடுகள் இடுக்குகளையெல்லாம் அடைத்தன. விளைவாகச் சுவரில் பூஞ்சை, தலைவலி, கண்ணெரிச்சல் என்று புகார்கள் குவிந்தன. 1977இல் கனடாவின் ரெஜைனா நகரில் கட்டிய சஸ்காச்சுவான் கன்சர்வேஷன் ஹவுஸ் அதற்கு விடை சொன்னது. சுவரை முடிந்தவரை இறுக்கமாக்கு, ஆனால் காற்றைப் பரிமாறும் பெட்டி ஒன்றை வை. வெளியேறும் சூடான காற்றும் உள்ளே வரும் குளிர்காற்றும் மெல்லிய தடுப்புகளின் இருபுறமும் கலக்காமல் ஓடும். வெப்பம் மட்டும் கைமாறும். சுவீடன் அதைச் சட்டமாகவே ஆக்கியது. ஒவ்வொரு சதுர மீட்டர் தரைக்கும் வினாடிக்கு 0.35 லிட்டர் புதுக்காற்று வர வேண்டும். அடுக்குமாடி வீடுகளில் அது வருகிறதா என்று குறித்த காலத்துக்கு ஒருமுறை சோதிக்க வேண்டும்.

நம்மூர்க் குளிர்மலைகளுக்கு அந்த அறிவு போய்ச் சேரவில்லை என்பதையும் இங்கே சொல்லியாக வேண்டும். கொடைக்கானலிலும் ஊட்டியிலும் குளிருக்காக அறைக்குள் கரி அடுப்பை வைத்துக் கதவைச் சாத்திக்கொண்டு படுத்தவர்கள் காலையில் எழாமல் போன செய்தி சில ஆண்டுகளுக்கு ஒருமுறை வந்துகொண்டே இருக்கிறது. கார்பன் மோனாக்சைடுக்கு நிறமில்லை, நெடியில்லை.

அம்பத்தூர் அறைக்குள் அப்படி உடனே உயிரைப் பறிக்கும் ஆபத்து எதுவும் இல்லை. மெல்ல நடப்பதைக் கணக்குப் போட்டுப் பார்க்கலாம். 110 சதுர அடி, பத்தடி உயரம் என்றால் அறையின் கொள்ளளவு 31 கன மீட்டர். அப்பா, அம்மா, ஒரு பிள்ளை. தூங்கும் பெரியவர் மணிக்குச் சுமார் 12 லிட்டர் கரியமில வாயுவை வெளிவிடுகிறார். மூவருக்கும் சேர்த்து 33 லிட்டர். இடுக்கே இல்லாத அறையாக இருந்தால் மணிக்கு 1,000 பங்குக்கு மேல் ஏறும். படுக்குமுன் அரைமணி ஜன்னலைத் திறந்துவைத்த புண்ணியம் அந்த முதல் ஒரு மணி நேரத்தோடு தீர்ந்துபோகும். கதவிடுக்கு வழியே மணிக்கு அறையின் மூன்றில் ஒரு பங்குக் காற்று மாறினால்கூட, விடியும்போது அளவு 3,000ஐத் தாண்டியிருக்கும். வெளிக்காற்றில் இருப்பது 420 சொச்சம்.

அந்த அளவில் கரியமில வாயு நஞ்சு என்று சொல்ல மாட்டேன். அது ஒரு குறிகாட்டி. அது ஏறியிருந்தால் ஒருவர் விட்ட மூச்சை இன்னொருவர் இழுத்துக்கொண்டிருக்கிறார் என்று பொருள். சளிக்காய்ச்சல் கிருமியும் ஃபர்னிச்சர் பசையின் ஃபார்மால்டிஹைடும் கூடவே தேங்கியிருக்கும். டென்மார்க் தொழில்நுட்பப் பல்கலைக்கழகத்தார் 2016இல் வெளியிட்ட ஆய்வில், மாணவர் விடுதி அறைகளில் சிறு மின்விசிறி வைத்து இரவில் புதுக்காற்று விட்டார்கள். கரியமில வாயுவின் சராசரி அளவு 2,395இலிருந்து 835 ஆகக் குறைந்தது. மறுநாள் மாணவர்கள் தூக்கக் கலக்கம் குறைவு என்றார்கள். தர்க்கச் சோதனையிலும் மேலாகச் செய்தார்கள். பத்தாம் வகுப்புப் பிள்ளைக்காக ஏசி வாங்கிக் கொடுத்த பெற்றோர் அறிந்திருக்க வேண்டிய சேதி இது.

இதே மூடிய அறையில் ஒரு கொசுவர்த்திச் சுருளை ஏற்றினால் நிலைமை வேறு கட்டத்துக்குப் போய்விடுகிறது. சீனாவிலும் மலேசியாவிலும் விற்ற சுருள்களை எரித்துப் பார்த்து 2003இல் வெளியான ஆய்வு, ஒரு சுருளிலிருந்து வரும் நுண்துகள் 75 முதல் 137 சிகரெட்டுகள் விடும் அளவுக்குச் சமம் என்றது. ஃபார்மால்டிஹைடு 51 சிகரெட்டுகள் அளவு வரை இருந்தது. கொசுவைச் சாய்க்கும் மருந்து சுருளின் எடையில் மிகக் கொஞ்சம்தான். மற்றதெல்லாம் மரத்தூள், தேங்காய்ச் சிரட்டைத் தூள், பிசின், சாயம். ஏழெட்டு மணி நேரம் அணையாமல் கனல வேண்டும் என்பதற்காகச் சேர்ப்பவை. இரவெல்லாம் நாம் மூச்சில் இழுப்பது பெரும்பாலும் அந்தச் சிரட்டைப் புகையைத்தான். புகை வராத மலிவான மாற்று என்று பெட்டிக்கடையில் கிடைக்கும் பெயர் தெரியாத கொசு ஊதுபத்திகளை நான் இன்னும் கூடுதலாகவே சந்தேகப்படுவேன். என்ன மருந்து, எவ்வளவு என்று அட்டையில் தெளிவாக இல்லாததை வீட்டுக்குள் கொளுத்தாதீர்கள். வெள்ளிக்கிழமை சாம்பிராணியை நிறுத்துங்கள் என்று நான் யாரிடமும் கேட்கப்போவதில்லை. ஐந்து நிமிடம் கதவும் ஜன்னலும் திறந்திருக்கக் காட்டுங்கள் என்று மட்டும் கேட்பேன். கம்ப்யூட்டர் சாம்பிராணியை ஏற்றிவைத்துவிட்டு ஏசி அறைக்குள் போய்க் கதவைச் சாத்துவதுதான் வேண்டாத வேலை.

அடுப்பங்கரைக்குப் போனால், இந்த விஷயத்தில் உலகமே திரும்பிப் பார்த்த ஆராய்ச்சி பூந்தமல்லிச் சாலையிலேயே, போரூரில் நடந்திருக்கிறது. ஸ்ரீ ராமச்சந்திரா நிறுவனத்தின் சுற்றுச்சூழல் சுகாதாரப் பொறியியல் துறையில் கல்பனா பாலகிருஷ்ணனும் குழுவினரும் தமிழ்நாட்டின் நான்கு மாவட்டங்களில் நானூறுக்கும் மேற்பட்ட கிராமத்து வீடுகளுக்குப் போய் அளந்தார்கள். 2002இல் வெளியான முடிவின்படி, விறகும் வறட்டியும் எரியும் சமையலறையில் சமைக்கும் நேரத்துச் சராசரித் துகள் அளவு கன மீட்டருக்கு 500 முதல் 2,000 மைக்ரோகிராம் வரை இருந்தது. நாள் முழுவதற்கும் சராசரி எடுத்தால், சமைக்கிறவருக்கு 231, சமைக்காதவருக்கு 90. ஒரே கூரையின் கீழ் பெண் இழுக்கும் புகை எத்தனை மடங்கு என்று அந்த இரண்டு எண்கள் சொல்லிவிடுகின்றன. பிறகு 1,285 கர்ப்பிணிகளைத் தொடர்ந்து கவனித்த இன்னொரு ஆய்வை அதே துறை 2018இல் வெளியிட்டது. நுண்துகள் 10 மைக்ரோகிராம் கூடும்போதெல்லாம் பிறக்கும் குழந்தையின் எடை 4 கிராம் குறைந்தது. கேட்கச் சின்ன எண். கிராமத்துச் சமையலறையில் இந்தப் பத்துகள் எத்தனை என்று எண்ணினால் சின்னதாகத் தெரியாது.

அடுத்து வந்தது இந்தியா, குவாத்தமாலா, பெரு, ருவாண்டா ஆகிய நான்கு நாடுகளில் 3,200 கர்ப்பிணிகளைக் கொண்டு நடத்திய ஹாப்பின் சோதனை. இந்தியப் பகுதி விழுப்புரத்திலும் நாகப்பட்டினத்திலும் நடந்தது. பாதிப் பேருக்கு எரிவாயு அடுப்பும் சிலிண்டரும் இலவசமாகத் தந்தார்கள். மீதிப் பேர் பழைய அடுப்பிலேயே சமைத்தார்கள். கர்ப்பிணிகள் சுவாசித்த நுண்துகளின் இடைநிலை அளவு விறகு அடுப்புக்காரர்களுக்கு 70.7, எரிவாயுக்காரர்களுக்கு 24. அவ்வளவு குறைந்தும், 2022இல் முடிவு வெளியானபோது குழந்தைகளின் பிறப்பு எடையில் குறிப்பிடத்தக்க வித்தியாசம் தென்படவில்லை.

இதைப் படித்துவிட்டுப் புகையால் கேடில்லை என்று சொல்கிறவர்கள் உண்டு. அப்படிப் படிப்பது தவறு என்பது என் எண்ணம். கர்ப்பத்தின் நடுவில் அடுப்பை மாற்றினால், அதற்கு முன் இருபது வருடம் இழுத்த புகை உடம்பை விட்டுப் போய்விடாது. மேலும் அந்த 24 என்பதே உலக சுகாதார நிறுவனம் 2021இல் சொன்ன ஆண்டு வரம்பான 5ஐப் போல ஏறக்குறைய ஐந்து மடங்கு. நம் நாட்டு வரம்பு 40 என்பதால் அது நல்ல காற்றாகத் தெரிகிறது, அவ்வளவுதான்.

மேற்குப் புறநகரில் விறகு அடுப்பு போய் வெகுநாளாகிவிட்டது. ஆனால் எரிவாயுச் சுடரின் சூட்டில் காற்றிலுள்ள நைட்ரஜனும் ஆக்சிஜனும் சேர்ந்து நைட்ரஜன் டைஆக்சைடு உண்டாகிறது. ஆஸ்துமா உள்ள பிள்ளைகளுக்கு அது ஆகாது. காய்ந்த எண்ணெயில் கடுகும் மிளகாயும் விழும்போது எழும் கமறலில் கண்ணுக்குத் தெரியாத துகள்கள் கோடிக்கணக்கில் இருக்கின்றன. பல வீடுகளில் எக்ஸாஸ்ட் ஃபேன் இருக்கிறது. அதன் ஷட்டர் எண்ணெய்ப் பிசுக்கில் ஒட்டிக்கொண்டு பாதிதான் திறக்கிறது. இறக்கைமேல் விரல்கனத்துக்குப் பிசுக்கு. அதைக் கழற்றி, வெந்நீரில் சோடா உப்புப் போட்டு ஊறவைத்துத் தேய்ப்பதற்கு ஒரு ஞாயிற்றுக்கிழமை காலை போதும். சிம்னி வைத்திருப்பவர்கள் ஒன்றை மட்டும் பாருங்கள்: குழாய் வெளியே போகிறதா? குழாயில்லாத சிம்னி எண்ணெயை வடிகட்டிவிட்டு வாயுக்களை மறுபடி சமையலறைக்குள்ளேயே விடுகிறது.

வெளிக்காற்றும் ஒரு நாளில் ஒரே மாதிரி இருப்பதில்லை. மார்கழி, தை விடியற்காலையில் காற்று அசையாது. குளிர்ந்த காற்று தரையோடு படிந்திருக்க, வண்டிப்புகையும் குப்பை எரித்த புகையும் அதற்குள்ளேயே தங்கும். போகியன்று ஆண்டுதோறும் மாசுக் கட்டுப்பாட்டு வாரியம் சென்னை நெடுக அளப்பதும், பனியோடு புகை கலந்து சில ஆண்டுகளில் விமானங்கள் தாமதமானதும் இதனால்தான். அந்த மாதங்களில் வெயில் ஏறிய பிறகு திறப்பது நல்லது. கோடையில் கடல்காற்று மெரினாவுக்கு வந்த பிறகுதான் அம்பத்தூருக்கும் ஆவடிக்கும் வந்து சேரும். அது வந்ததும் கிழக்கு, தெற்கு ஜன்னல்களைத் திறந்தால் பகல் முழுக்க வெந்த அறை ஆறும். அதற்கு ஜன்னலில் கொசுவலை வேண்டும். வலையை மாதம் ஒருமுறை கழுவவும் வேண்டும். தூசி அடைத்த வலை ஜன்னலை மூடியதற்குச் சமம். 2023 டிசம்பர் மிக்ஜாம் புயலில் தண்ணீர் ஏறிய கொரட்டூர், அம்பத்தூர் வீடுகளில் அடிச்சுவரின் ஈரமும் பூஞ்சையும் வெகுநாள் போகாமல் இருந்ததற்கு, காற்றுப் புகாமல் பீரோவைச் சுவரோடு ஒட்டி வைத்திருந்ததும் ஒரு காரணம்.

கடையில் விற்கும் தீர்வுகளைச் சுருக்கமாகச் சொல்லிவிடலாம். ஹெப்பா வடிகட்டி உள்ள ஏர் ப்யூரிஃபையர் துகளைப் பிடிக்கும். கரியமில வாயுவை ஒன்றும் செய்யாது. தொட்டிச் செடிகள் காற்றைச் சுத்தம் செய்யும் என்ற நம்பிக்கை 1989ஆம் ஆண்டின் நாசா ஆய்விலிருந்து கிளம்பியது. சிறு மூடிய பெட்டிக்குள் நடத்திய சோதனை அது. ஜன்னல் திறந்த வீட்டுக்கு ஈடாகச் செடிகள் வேலை செய்ய ஒரு சதுர மீட்டருக்குக் குறைந்தது 10 செடிகள் வேண்டியிருக்கும் என்று 2019இல் கணக்கிட்டார்கள். அழகுக்கு வளர்ப்போம்.

ஏசி ஓடும் இரவுக்கு எனக்குத் தெரிந்த நல்ல வழி, ஒட்டியுள்ள குளியலறையின் சிறிய எக்ஸாஸ்ட் ஃபேனை ஓடவிட்டு, அறைக்கதவை இரண்டு அங்குலம் திறந்துவைத்து, கூடத்தில் வலைபோட்ட ஒரு ஜன்னலைத் திறந்துவைப்பது. மூன்று பேருக்கு வினாடிக்கு 20 லிட்டர் புதுக்காற்று போதும். அந்த ஈரக்காற்றைக் குளிர்விக்க ஏசி கூடுதலாக இழுப்பது, என் கணக்கில், எட்டு மணி நேரத்துக்கு ஏறக்குறைய ஒன்றரை யூனிட். இரண்டு மாத மின்கணக்கில் 90 யூனிட் வரும். நடுத்தரக் குடும்பத்துக்கு இது சும்மா தள்ளிவிடக்கூடிய தொகையில்லை. பாதிக் காற்று விட்டால் பாதிச் செலவு. அதுகூட அடைத்த அறையைவிட எவ்வளவோ மேல். புதிதாகக் கட்டுகிறவர்களுக்குச் செலவில்லாத வழியே உண்டு. அதே நாலுக்கு நாலு துளையில் நகரும் கண்ணாடிக்குப் பதிலாகக் கீல் வைத்த ஜன்னல் போட்டால் 14 சதுர அடி திறக்கும். மேலே இரண்டுக்கு ஒன்று அளவில் இரண்டு வென்டிலேட்டர் வைத்தால் விதி கேட்கும் 18 வந்துவிடும்.

ஆனால் விதி இங்கே யாரையும் கேட்பதில்லை. இகோ நிவாஸ் சம்ஹிதா 500 சதுர மீட்டரும் அதற்கு மேலும் உள்ள மனைகளுக்குத்தான். ஒரு கிரவுண்டு என்பது 223 சதுர மீட்டர். புறநகரின் அரை கிரவுண்டு, ஒரு கிரவுண்டு வீடுகள் எல்லாமே அதற்கு வெளியே நிற்கின்றன. சிறு மனைகளுக்கும், ஜன்னல் சட்டத்தின் அளவை விட்டுத் திறக்கும் பரப்பைப் பார்த்து அனுமதி தரும் நடைமுறையை ஆவடி, சென்னை மாநகராட்சிகள் கொண்டுவர முடியும்.

எல்லாவற்றிலும் மோசமான காற்று இருப்பது தொழிற்பேட்டையைச் சுற்றியுள்ள வாடகை அறைகளில். ஒடிசாவிலிருந்தும் பீகாரிலிருந்தும் வந்த ஐந்தாறு பேர் ஒரே அறையில் தங்கி, அங்கேயே ஒற்றை அடுப்பில் சமைத்து, கொசுவர்த்தி ஏற்றிவைத்துத் தூங்குகிறார்கள். 1948ஆம் ஆண்டின் தொழிற்சாலைகள் சட்டம், நெரிசலைத் தடுக்க ஒவ்வொரு தொழிலாளிக்கும் வேலைசெய்யும் கூடத்தில் 14.2 கன மீட்டர் இடம் வேண்டும் என்று வகுத்தது. அந்த அளவுகோலில் நம் பத்துக்குப் பதினொன்று அறை இரண்டு பேருக்குத்தான் போதும். ஐந்து பேர் படுக்கும்போது ஆளுக்குக் கிடைப்பது 6 கன மீட்டர். எந்திரத்தின் முன் நிற்கும் எட்டு மணி நேரத்துக்கு அவருக்குக் காற்று வேண்டும் என்று சட்டம் எழுதத் தெரிந்த நாட்டில், அடுத்த எட்டு மணி நேரம் அவர் படுத்திருக்கும் அறையை அளக்க இன்றுவரை எந்த ஆய்வாளரும் போவதில்லை. ஒப்பந்தக்காரர் வழியாக அறை பிடித்துக் கொடுக்கும் நிறுவனங்களிடம் தொழிலாளர் துறை முதலில் கேட்க வேண்டியது, ஓர் அறைக்கு எத்தனை பேர், எத்தனை ஜன்னல், அடுப்பு எங்கே என்பதைத்தான்.